சிவப்பு நூல் கட்டிய மாத்திரை

சங்கரன்கோவிலில் மதுரை பஸ் பதினோரு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. எனக்கு முன் இருக்கையில் ஒரு நெசவாளரும் அவர் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஏட்டி, இன்னைக்கு என்னை மெசின்ல ஓடவிட்டு நெஞ்சைப் பாக்கப் போறாவ. நெஞ்சு மாத்திரையை மட்டும் ரெண்டு நாள் நிறுத்தச் சொன்னாவ. எழுத்து தெரியாத நீ, சுகர் மாத்திரையை நிறுத்தித் தொலைச்சிருந்தா?”

“டாக்டர் முன்னாலயே நெஞ்சு மாத்திரை அட்டையில சிவப்பு நூலைக் கட்டிட்டேன். சந்தேகம்னா எண்ணிக்கிடுங்க.”

அவர் எண்ணினார். நானும் எண்ணினேன். காலை ஒன்று, இரவு ஒன்று என்பது அந்த அம்மா சொன்ன கணக்கு. இரண்டு நாளில் விடுபட்ட நான்கும் அட்டையில் இருந்தன.

மாத்திரையைப் பார்த்த கண்டக்டர், “ஆஸ்பத்திரிக்கா அண்ணாச்சி?” என்றார்.

“ஆமா, ரெண்டு டிக்கெட் குடும். ஓடுதது நான். மத்த எல்லாத்துக்கும் இவ இருக்கா” என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்.