என் காபி ஏன் கசந்தது?

கண்டிப்பையும் கனிவையும் ஒரே கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் செவிலியர் கல்லூரி முதல்வர், அம்மையார் அஃப்சருன்னிசா அவர்களே! எனக்கு முன்னால் மனநலச் செவிலியத்தின் அடிப்படைகளை அரைமணி நேரம் ஆங்கிலத்தில் அடுக்கி, அரங்கத்தில் பாதிப் பேரை அமைதியாக உறங்கவைத்து, அந்தக் கலையின் பயனை இங்கேயே நிகழ்த்திக் காட்டிய மருத்துவப் பெருமகனே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! மகளின் கையில் இன்று செவிலியர் உறுதிமொழி விளக்கு ஏறுகிறது என்று மயிலாப்பூர்வரை பேருந்து பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! கேசரி வாசம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனித்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைக் கனவான்களே! நாளை முதல் எங்களைப் போன்றவர்களோடு மல்லாடப் போகும் மனநலச் செவிலியச் செல்வங்களே! மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் பாதி முகத்தை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவி விசாலாக்ஷியே! உங்கள் அனைவருக்கும் கஸ்தூரிரங்கனின் கனிந்த வணக்கம்.

அழைப்பிதழைப் பார்த்தீர்களா? மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் பாய் விரித்துப் படுத்திருக்கின்றன. என் பெயருக்குக் கீழே ஒரே ஒரு சொல்: 'பயனாளி'! ஒரு காலத்தில் என்னைச் 'செந்நாச் சிகரம்' என்று சுவரொட்டி அடித்தார்கள். இன்று பயனாளி. 'நோயாளி' என்று போட அச்சகத்துக்குக் கூச்சம். 'முன்னாள் நோயாளி' என்று போட மருத்துவருக்குத் தயக்கம், ஏனென்றால் இந்த நோய் திரும்பியும் வரும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆகவே, இலவச வேட்டி வாங்கிக்கொண்டு நிற்பவனைப்போல உங்கள் முன் நிற்கிறேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் தாய்மார்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். "பொண்ணு நர்ஸ்" என்று சொல்லும்போது நிமிர்கிறீர்கள். "எந்த வார்டு?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டால் ஏன் இருமுகிறீர்கள்? இதய வார்டு என்றால் இனிக்கிறது, குழந்தை வார்டு என்றால் குளிர்கிறது, மன வார்டு என்றால் மட்டும் தொண்டையில் ஏதோ அடைக்கிறதே, ஏன்? உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் அபிராமபுரத்துக் குடியிருப்பை விடவா நீங்கள்? எனக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது எங்கள் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் வைக்க இடமில்லை. தையல் எங்கே போட்டார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அடம்பிடித்தவர்களும் உண்டு. மனநல மருத்துவமனையில் நான் கிடந்தபோதோ, ஒரு சாத்துக்குடி வரவில்லை. "டெல்லி போயிருக்கார்" என்று என் மனைவி சொன்னாள். டெல்லி போகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியே இருக்கட்டும் என்று எல்லோரும் எனக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு நோய் எப்படி வந்தது? பேச்சாக வந்தது! எழுந்தால் பேச்சு, குளித்தால் பேச்சு, கண்ணாடி முன் பேச்சு, காற்றோடு பேச்சு! உறக்கமில்லை, உணவில்லை, ஓய்வில்லை, ஆனால் உரை உண்டு! ஒரு வங்கிக் காசாளர் அப்படிப் பேசியிருந்தால் ஊரே சேர்ந்து ஆட்டோவில் ஏற்றியிருக்கும். நான் பேச்சாளன். எனவே பொன்னாடை போர்த்தினார்கள். கோபாலபுரத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழா. சின்னதாக ஒரு வாழ்த்துரை கேட்டார்கள். பரிசு வாங்க நின்ற பிள்ளைகள் உட்கார்ந்து, படுத்து, உறங்கி, பெற்றோர் தோளில் ஏறி வீடு போய்ச் சேரும்வரை வாழ்த்தினேன். மறுநாள் தாளாளர் அழைத்து, "மடை திறந்த வெள்ளம் சார்!" என்று மெய்சிலிர்த்தார். வெள்ளம் என்பது உண்மைதான். வெள்ளம் வந்தால் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தியாகராய நகரில் குக்கர் ஒன்று வாங்கப் போனேன். கடையில் இருந்த அத்தனை குக்கரையும் வாங்கினேன்! பனகல் பூங்கா வாசலில் அடுக்கினேன்! ஆவியின் ஆற்றல் பற்றி அருவியாய்ப் பொழிந்தேன்! போவோருக்கும் வருவோருக்கும் வாரி வழங்கினேன்! கூட்டம் கூடியது, கைதட்டியது, குக்கரோடு கலைந்தது. ஒரே ஒருவர் மட்டும் அக்கறையோடு என் அருகில் வந்தார். வந்து, "இன்னா சார், எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் விசாலாக்ஷி என்னை மருத்துவரிடம் இழுத்துப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை மந்தமாக்கும், மந்தமானால் மேடை போகும் என்று அத்தனையையும் ஜன்னல் வழியே வீசினேன். அவள் மறுபடி வாங்கினாள், நான் மறுபடி வீசினேன். அப்போது இந்தக் கதைக்குள் வருகிறார் என் மனைவியின் தம்பி சாய்நாத். அடையாற்றில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதுகிறவர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு குறுக்கு வழி தயாராக இருக்கும். "அக்கா, எதுக்கு அத்திம்பேரோட சண்டை போட்டுண்டு இருக்கே? பொடி பண்ணிக் காபில கலந்து குடுத்துடு. அவருக்குத் தெரியவே தெரியாது."

தெரியவே தெரியாதாம்! மயிலாப்பூரில் பிறந்து அபிராமபுரத்தில் குடித்தனம் நடத்துகிற ஒருவனின் காபியில் கைவைத்துவிட்டுத் தெரியாது என்கிறார்! சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தால் எனக்குத் தெரியாமல் போகலாம். ஆட்சியே மாறினாலும் சாயங்காலம்தான் தெரியவரலாம். சிக்கரி ஒரு சிட்டிகை கூடினால் முதல் மடக்கிலேயே தெரியுமே! யாரது கைதட்டுவது? மாமா, உங்களுக்கும் உங்கள் காபியில் ஏதாவது சந்தேகமா? விழா முடிந்ததும் முதல்வர் அம்மையாரைப் பாருங்கள்.

காபி கசந்தது. "என்ன கலந்தே?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லையே, புதுப் பொடின்னா" என்றாள். மறுநாளும் கசந்தது. மறுநாளும் புதுப் பொடி. அன்பர்களே, நோய் பிடித்த மூளைக்கு ஒரு துளி உண்மை கிடைத்தால் போதும், அதன்மேல் ஏழடுக்கு மாளிகை எழுப்பிவிடும். என் மூளை எழுப்பியது. என் நாவை நசுக்க எதிரிகள் கூடிவிட்டார்கள், என் மனைவியை வளைத்துவிட்டார்கள், எனக்கு விஷம் வைக்கிறார்கள்! அன்றோடு அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தினேன். நானே உரித்த வாழைப்பழம், என் கண்ணெதிரே சீவிய இளநீர், வேறொன்றும் தொடவில்லை. மாம்பலம் ரயிலடியில் மயங்கி விழுந்தபோது, என் இடுப்பில் வேட்டியைப் பிடித்து வைக்கச் சதையில்லை. அவள் சமைத்தது அடுப்பின்மேல் அப்படியே இருந்தது. ஒரு பெண்ணுக்கு அதைவிட என்ன தண்டனை இருக்கிறது?

மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், நல்ல இடம், மின்விசிறிகூடச் சுற்றும். வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டேன்: "என் மனைவி காபியில் எதையோ கலக்கிறாள்!" ஒரு பயிற்சி மருத்துவர் சொன்னார், "அப்படியெல்லாம் இல்ல சார், அது உங்க நோய்." வார்டு ஊழியர் ஒருவர் முதுகைத் தட்டினார், "ஆமா நைனா, விஷம்தான். வுடு, போலீஸ்ல சொல்லிக்கலாம். இப்ப கஞ்சியக் குடி." ஒருவர் மறுத்தார், ஒருவர் மழுப்பினார், ஒருவரும் விசாரிக்கவில்லை! கலந்தது உண்மை, சொன்னவன் நோயாளி, ஆகவே அந்த உண்மைக்கும் நோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்போது வந்தார் செவிலியர் ஜுவேரியா. ராயப்பேட்டைக்காரர். பணிவுக்கும் அவருக்கும் பழக்கமில்லை. தலைமை மருத்துவரையே "கொஞ்சம் தள்ளி நில்லுங்க டாக்டர், நோயாளி மூஞ்சி தெரியல" என்று சொல்லக்கூடியவர். என் தட்டைப் பார்த்தார்.

"இன்னா சார், சாப்பாடு அப்படியே கீது?"

சொன்னேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி சார் கசக்குது? டிகாஷன் கசப்பா, வேற மாதிரியா?"

நான் அழுதுவிட்டேன். ஆம், அரங்கம் அதிரப் பேசியவன், அந்த ஒரு கேள்விக்கு அழுதேன். அத்தனை பேர் என் மூளையைப் பற்றிக் கேட்டார்கள், என் நாக்கைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சொன்னேன்: நாக்கின் அடியில் ஒட்டும் கசப்பு, கடைசி மடக்கில் டம்ளரின் அடியில் வெள்ளையாய் ஒரு வண்டல். "எப்பலேர்ந்து?" என்றார். மாத்திரையை வீசியதற்கு அப்புறம் என்றேன். அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "நான் விசாரிக்கறேன் சார். எது தெரிஞ்சாலும் உங்ககிட்ட வந்து சொல்வேன். உங்களுக்குப் புடிச்சாலும் சரி, புடிக்காட்டியும் சரி."

பார்வையாளர் நேரத்தில் விசாலாக்ஷியைத் தனியே கேட்டிருக்கிறார். அவள் மறைக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். "அவர்கிட்ட சொல்லிடாதேம்மா. தெரிஞ்சா அப்புறம் என் கையால ஒரு வாய் தண்ணிகூட வாங்கிக்க மாட்டார்."

ஜுவேரியா கேட்டாராம்: "இப்ப மட்டும் வாங்கிக்கினு கீறாராம்மா?"

என்ன கேள்வி, என்ன கேள்வி! "சொல்றேன்னு அவருக்கு வாக்கு குடுத்துட்டேன். ஆனா நான் சொல்றதவிட நீங்க சொல்றதுதான் சரி. வாங்க, பக்கத்துல நான் நிக்கறேன்" என்று கூட்டிவந்தார். விசாலாக்ஷி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். "நான்தான் கலந்தேன்னா. மாத்திரையப் பொடி பண்ணி, உங்களுக்குத் தெரியாம. கேட்டப்போ பொய் சொன்னேன்."

எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபமா? இல்லை, முதலில் வந்தது நிம்மதி! என் நாக்கு பொய் சொல்லவில்லை! உலகமே உளறல் என்ற ஒன்றை, என் நாக்கு ஒற்றையாய் நின்று உண்மை என்றதே, அது உண்மைதான்! கோபம் அப்புறம் வந்தது, வண்டி வண்டியாக வந்தது. ஜுவேரியா அதற்கும் நகரவில்லை, நின்றுகொண்டேயிருந்தார். மாளிகை அன்றே இடிந்துவிடவில்லை. அதற்கு மருந்து வேண்டியிருந்தது, வாரங்கள் வேண்டியிருந்தன. ஆனால் அந்த மருந்தை அன்று முதல் என் கையால் எடுத்து, என் வாயில் நானே போட்டுக்கொண்டேன். சாய்நாத் மட்டும் இன்றுவரை, "மாத்திரை உள்ள போச்சா இல்லையா? அதானே அத்திம்பேர் முக்கியம்?" என்கிறார். அவர் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்காக நான் பிரார்த்திக்கிறேன்.

செல்வங்களே! அடிப்படை என்றால் என்ன? ஊசியா? உடுப்பா? உறுமலா? வாதாடி எங்களை வெல்லாதீர்கள், வென்றாலும் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். தலையாட்டி எங்களை ஏய்க்காதீர்கள், ஏய்த்தால் எங்களுக்குத் தெரியும். எங்கள் நன்மைக்காக என்று சொல்லி எங்களிடம் பொய் பேசாதீர்கள், அந்தப் பொய்யை வைத்துத்தான் நாங்கள் மாளிகை கட்டுகிறோம்! நாளை உங்கள் வார்டில் ஒருவன் சொல்வான், நிலா தன்னை வேவு பார்க்கிறது என்று. அவனே சொல்வான், தன் இட்லியில் ஏதோ கலந்திருக்கிறது என்று. நிலாவைப் பற்றி எனக்குத் தெரியாது. இட்லியை விசாரியுங்கள்!

நன்றி, நன்றி. கைதட்டல் போதும், மருத்துவர் என்னைக் கவலையோடு பார்க்கிறார். இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

வீடு திரும்பிய மறுநாள் காலை. விசாலாக்ஷி காபி கொண்டுவந்தாள். என்னிடம் நீட்டவில்லை. என் கண்ணெதிரே டம்ளரைத் தன் உதட்டில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். அதன் பிறகு நீட்டினாள். எங்கள் வீட்டில் தண்ணீரையே அண்ணாந்துதான் குடிப்போம். விருந்தாளி டம்ளரை வாய் வைத்துக் குடித்துவிட்டால் அதைத் தனியே எடுத்துத் தேய்ப்பவள் அவள். அவள் எனக்கு எச்சில் காபி கொடுத்தாள். விஷமில்லை என்று நிரூபிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அன்று தொடங்கி இன்று காலைவரை, தினமும் முதல் மடக்கு அவளுடையது. குடி என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நோய் போனாலும், அந்த ஒரு மடக்கு எனக்குத் தேவையாகவே இருந்தது. அவள் குடிப்பதைப் பார்க்க ஒவ்வொரு நாளும் எனக்கு வலித்தது, இருந்தும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒலிபெருக்கி இருந்தால்தான் எனக்கு உண்மையே வரும்போலிருக்கிறது. ஆகவே சபையோரைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். விசாலம், நாளைக்குக் காலம்பற நீ குடிச்சுக் காட்ட வேண்டாம். அப்படியே கொண்டுவந்து குடு. நான் குடிக்கிறேன்.

என்ன? தூணுக்குப் பின்னாலிருந்து ஏதோ குரல் வருகிறது. கொஞ்சம் அமைதி, அமைதி! விசாலம், சத்தமாகச் சொல்.

"அப்போ சர்க்கரை சரியா இருக்கான்னு யார் பாக்கறதாம்?"

கேட்டீர்களா, பெருமக்களே! நானே பார்த்துக்கொள்கிறேன் விசாலம். கூடினாலும் குறைந்தாலும் குடிக்கிறேன். இன்று பணியில் இருப்பதால் இங்கே வர இயலாத ஜுவேரியாவுக்கும், விளக்கேந்தப் போகும் இத்தனை கைகளுக்கும், இவ்வளவு நேரம் ஒரு பயனாளியைப் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கும் என் நன்றி. வணக்கம்.