கையில் தூங்கும் கோழி

— எட்டு மணி நேரம். காலைல ஒம்பதுக்குப் போன கரண்டு சாயங்காலம் அஞ்சுக்கு வந்திருக்கு. இப்பப் போயி கொட்டகைல பேனப் பாருங்க, ஜம்முனு சுத்துது. செத்த கோழிக்கெல்லாம் காத்து வீசுது.

— ஆனந்தி, அந்த வாளிய இப்படித் தள்ளு.

— தள்ளுறேன். மாசத்துல ஒருநா பராமரிப்புன்னு கரண்ட நிப்பாட்டுவாங்க. பச்சப்புள்ளைக்கும் தெரியும். முந்தாநாளே ஊருல எல்லாருக்கும் போன்ல மெசேஜ் வந்திருக்கு. பஸ்சு விட்டு இறங்குனதும் அதத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க.

— எனக்கு வரலையே.

— எப்படி வரும்? கரண்டு ஆபீசுல குடுத்திருக்குறது உங்க ஊரு நம்பரு. நீங்க இன்னும் சவுதி சிம் கார்டத்தான போட்டு வச்சிருக்கீங்க.

— அங்கெல்லாம் கரண்டே போகாது.

— நல்ல நாயம். இது அங்க இல்ல, சாணார்பட்டி. கெளம்புறப்பவே கேட்டேன். சித்தி மகளுக்கு நிச்சயம், சின்னாளப்பட்டிக்குப் போயிட்டு வரப் பொழுது சாஞ்சிரும், ஒரு பக்கத் தகரத்தையாச்சும் கழட்டிவிட்டுட்டு வாங்கன்னு. என்ன சொன்னீங்க?

— வேற வழியா காத்து வந்தா பேனு இழுக்காதுன்னு சொன்னேன்.

— நாலு பக்கமும் தகரம். ஒரு கடைசில ஈரச்சாக்கு, மறு கடைசில பேனு. அதுவும் கத்திரி வெயில்ல. கோழிய இப்படிப் பொட்டில போட்டுப் பூட்டுறவன இந்தப் பக்கம் நான் பாத்ததில்ல. பக்கத்து வீட்டு ராமுத்தாய் அக்கா கோழி பூராம் புளியமரத்தடில மண்ணக் கிளறிக்கிட்டு நிக்குது. அந்தக்கா எந்தப் பாலைவனத்துல போயிப் படிச்சுச்சு?

— அந்தக் கோழி வெயிலுக்குப் பழகுனது.

— ஆமா. நம்ம கோழி கொடைக்கானல்ல பொறந்தது.

— மெதுவாப் பேசு. அந்தக்கா சுவத்துக்கு அங்கிட்டுதான் நிக்குது.

— நிக்கட்டும். கொட்டகை போட்ட அன்னைக்கு எட்டிப் பாத்து, 'என்னடி, கோழிக்கு ஏசி ரூமா'ன்னு கேட்டுச்சு. கையப் புடிச்சு வீட்டுக்குள்ள கூட்டியாந்து ஹால்ல மாட்டியிருக்குற உங்க போட்டோவக் காட்டுனேன். 'அம்பது டிகிரில கோழி வளத்த மனுசன்க்கா. அவரு தூக்குனா கோழி தூங்கிரும், பாருங்க'ன்னேன். அதோட வாய மூடிருச்சு. இன்னைக்கும் ஒண்ணும் பேசாமத்தான் நிக்குது. அதான் எனக்குத் தாங்கல.

— இது காலைலயே போயிருச்சு.

— எது?

— இந்தக் கோழி. கால் கட்டையா வெறச்சிருச்சு பாரு. பதினோரு மணிக்குள்ள போயிருக்கும். இதுக்குக் கழுத்து இன்னும் தொவளுது. இது மூணு மணிக்கு மேல.

— அடேங்கப்பா. தொட்டே சொல்லிருவீங்க போல.

— குழி இன்னும் ஒரு முழம் வேணும். அடில சுண்ணாம்பு போட்டு, மேலயும் போடணும். இல்லாட்டி ராவோட ராவா நாய் தோண்டிரும். ரெக்கைய இப்படி மடக்கி வையி, எடம் கம்மியாப் புடிக்கும்.

— நீங்களே வைங்க, சூப்பர்வைசர் சார். பொதைக்கிறதுல ஒரு கொறை சொல்ல முடியாது. இந்தக் கரிசனம் காலைல எங்க போச்சு? போன வாரந்தான் கறிக்கடை சௌகத் அலி பாய் வந்து, ரெண்டு சேவலு குடும்மா, நல்ல எடைன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு அறுக்கக் குடுக்க மாட்டாருன்னு அனுப்பிட்டேன். நெசந்தான். அறுக்காமயே முடிச்சிட்டீங்க.

— மூணு இருக்கு, ஆனந்தி. ரெண்டு பொட்டையும் அந்தச் சேவலும்.

— அது செபஸ்தியாருக்கு நேர்ந்துவிட்ட சேவல். அவரு தன் பங்க மட்டும் பத்திரமாக் காப்பாத்திக்கிட்டாரு.

— நேர்ந்துவிட்டியா? எதுக்கு?

— எதுக்கோ.

— சொல்லு.

— கோழி பெருகணும். அத வச்சுக்கிட்டு நீங்க இங்கயே இருக்கணும். திரும்ப பிளைட் ஏறக் கூடாது. திருவிழா அன்னதானத்துக்கு சேவலக் கொண்டாந்து விடுறேன்னு வேண்டிக்கிட்டேன். போதுமா? சிரிக்காதீங்க.

— சிரிக்கல.

— சிரிச்சாலும் சிரிங்க. இந்த வீட்டுல இன்னைக்கு வேற என்ன மிச்சம் இருக்கு.

— ஆனந்தி, இந்தப் பொட்டையச் சித்தப் பாரேன். தொறந்த வாய மூடவே மாட்டேங்குது. நெஞ்சு கைக்குள்ள தடதடன்னு அடிக்குது. இம்புட்டு வேகமாவா அடிக்கும்?

— என்னையவா கேக்குறீங்க?

— சாகப் போகுதா?

— மொதல்ல இறக்கி விடுங்க. வெக்கைல வெந்து கெடந்த உசுர நெஞ்சோட அணைச்சா அது என்னத்துக்கு ஆகும். வேப்பமரத்தடில விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. தாம்பாளத்துல தண்ணி வைங்க, காலு நனையட்டும். ஒம்பது வருசமா கோழிக்குள்ளயே கெடந்துட்டு வந்தவரு, கோழி நெஞ்சு எப்படி அடிக்கும்னு எங்கிட்டக் கேக்குறாரு.

— குடிக்குது.

— குடிக்காம என்ன செய்யும்?

— ஒவ்வொரு வாய்க்கும் தலைய மேல தூக்குது, பாரு. மறுபடி குனியுது. மறுபடி மேல பாக்குது.

— கோழின்னா அப்படித்தான் குடிக்கும். என்னமோ இப்பத்தான் புதுசாப் பாக்குற மாதிரி.

— கழுத்துல தண்ணி இறங்குறது கூடத் தெரியுது.

— வேடிக்கை பாத்தது போதும். ஏஜென்ட் ரெண்டு தடவ கூப்பிட்டாரு. நீங்க குழிக்குள்ள இருந்தீங்கன்னு நான் பேசுனேன். அதே கம்பெனி, அதே எடமாம். நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம்.

— என்ன சொன்ன?

— வருவாருன்னு சொல்லிட்டேன்.

— யாரக் கேட்டுச் சொன்ன?

— யாரக் கேக்கணும்? செபஸ்தியாரக் கேட்டேன், அவரு பதில் சொல்லிட்டாரு, இந்தா குழி நெறையக் கெடக்கு. இங்க இருந்து என்ன செய்யப் போறீங்க? அங்கன்னா ஆபீசரு. நாப்பதாயிரம் கோழி உங்க கைக்கு அடங்கி இருக்கு. இங்க இருவத்தொண்ணு அடங்கல.

— நான் போகல.

— போங்க. எனக்கு ஒண்ணுமில்ல. ஒம்பது வருசம் ஒத்தைல இருந்தவளுக்கு இன்னும் ரெண்டு வருசம் பெருசா? கோயில்ல பாக்குறவுக கேட்டா முன்ன மாதிரியே சொல்லிக்கிருவேன், பாலைவனத்துல கோழிப்பண்ணை சூப்பர்வைசர்னு. நீங்க இங்க இருந்தா நான் எதக் காட்டுறது? இந்தக் கொட்டகையவா?

— போகலன்னு சொல்றேன்ல.

— ஏன்? காரணத்தச் சொல்லுங்க. சாப்பாடு சரியில்லையா? ஏசி ரூம் குளுருதா? வெள்ளக் கோட்டு கனக்குதா?

— வேணாம், ஆனந்தி.

— என்ன வேணாம்? அந்தப் போட்டோவத் தெனம் தொடைக்கிறவ நானு. கையில உறை மாட்டி, நெஞ்சோட ஒரு கோழிய வச்சிருக்கீங்க. அது கண்ண மூடி, உங்க கை மேல கழுத்தச் சாச்சுக்கிட்டு கெடக்கு. எந்தப் பயமும் இல்லாம. அந்தக் கைக்கு இங்க வந்து என்ன ஆச்சு? அதையாச்சும் சொல்லுங்க.

— அது தூங்கல.

— எது?

— போட்டோவுல இருக்குற கோழி. கோட்டு சூப்பர்வைசரோடது, போட்டோ எடுக்க மட்டும் இரவல் வாங்குனேன். விடியுறதுக்கு முந்தி ஒரு வாளியத் தூக்கிட்டு கொட்டகைக்குள்ள போவேன். செத்தத மட்டும் பொறுக்கி, கொண்டுபோயிக் குழில போடணும். ஒம்பது வருசமும் எனக்கு அங்க அந்த ஒரு வேலைதான். உசுரோட ஒரு கோழிய நான் கையில புடிச்சது இந்தக் கொல்லைலதான், ஆனந்தி.