காலி டேங்க்

பொன்னேரியில் ரயில் ஏறிய அண்ணனும் தம்பியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. அந்த இரண்டு மாத வேலைக்கு அண்ணன் தம்பியைக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் விட்டுவரப் போகிறார் என்பது பேச்சில் தெரிந்தது. பெட்டியில் ஆறு விசிறிகள், இரண்டுதான் ஓடின. அதனால் எல்லாம் கேட்டது.

"டேங்க்க ஏன்டா காலி பண்ணே?" என்றார் அண்ணன்.

"எலி டீசல குடிச்சிடும்ணா."

"வெளாடாத. ரெண்டு மாசம் சும்மா நிக்கிற லாஞ்சுக்கு டேங்க்க ரொப்பி வெக்கணும், காலியா வுட்டா உள்ள வேர்த்து தண்ணி எறங்கும்னு எனக்கே சொன்னவன் நீ. இப்ப ஒரு சொட்டு இல்லாம வடிச்சிக்கிற. பில்டர கழட்டி, பைப்ப ஊதி, எண்ண தடவி துணி சுத்திக்கிற. திரும்பி வர்றவன் இப்டியா வெப்பான்?"

தம்பி ஜன்னலைப் பார்த்தான். "பர்மனென்ட் பண்றேன்னுக்கிறாங்கணா. புள்ளைங்க படிக்குதுங்க."

"அத வாயால சொன்னா இன்னாடா?"

"என்ன வுட்டா உனக்கு இஞ்சின் ஓட்ட ஆளு இல்லியேணா."

கவரைப்பேட்டை தாண்டியதும் அண்ணன் தம்பி பக்கம் திரும்பி, "சரி, எந்த பைப்பு எதுல மாட்டணும்னு சொல்லிக் குடு. வர்றவன்கிட்ட நான்தான சொல்லணும்," என்றார்.

தம்பி விரலால் இருக்கையில் வரைந்து காட்டினான். கும்மிடிப்பூண்டியில் மற்ற எல்லோரும் இறங்கினோம், அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை; தம்பியின் விரல் இன்னும் இருக்கையில் பைப்புகளை வரைந்துகொண்டிருந்தது.