முந்திரித்தோப்பு ரேலியின் சிறந்த பங்களிப்பாளர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மேடம். உங்கள் ஸ்டேஷன் ஜீப்பில் கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது. என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே கவனித்தேன். டிரைவர் தம்பி கியர் மாற்றிய பிறகும் பெடல் மேலிருந்து காலை எடுப்பதில்லை. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். சொல்லிக்கொடுத்தவர் விட்ட குறை அது.

என் பெயர் நல்லசாமி. மெயின் பஜாரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். டவுன்ஷிப்பில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள்தான். கற்றுக்கொடுக்கிற வண்டியில் எங்கள் கால் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தப்புச் செய்யப்போகிறார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே என் காலுக்குத் தெரிந்துவிடும். நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பாதுகாப்பு என்பது என் ரத்தத்தில் ஊறியது என்பதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

எங்கள் கார் ரேலி கிளப்பை நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு கலகலப்பான கூட்டம் இந்த ஊரில் வேறு கிடையாது. நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர் என்று எல்லாரும் உண்டு. பெர்மனென்ட் தொழிலாளியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனர் கேட்டுச் சண்டை போடுவதை அங்கேதான் பார்க்கலாம். எல்லாம் பழைய மாருதி எண்ணூறு, பழைய எஸ்டீம். காடாம்புலியூர் பக்கம் கலியமூர்த்தி என்பவருக்கு முந்திரித்தோப்பு இருக்கிறது. கொட்டை பொறுக்கி முடித்த பிறகு தோப்புக்குள் ஓடும் செம்மண் பாதைகளை எங்களுக்கு விட்டுவிடுவார். ஒரு ரேலி முடிந்து வீட்டுக்குப் போனால் எங்களை எங்கள் பெண்டாட்டிகளுக்கே அடையாளம் தெரியாது. அவ்வளவு புழுதி.

ஆண்டு விழாவில் சிறந்த பங்களிப்பாளர் என்று ஒருவருக்குக் கேடயம் கொடுப்போம். எது பங்களிப்பு என்று அதற்கு முன்னால் ஒரு பெரிய விவாதம் நடக்கும். வண்டி ஓட்டுகிறவன்தான் பங்களிப்பவன், மற்றவனெல்லாம் வேடிக்கை பார்ப்பவன் என்பார் செயலாளர் அன்புமணி. தோப்பே கொடுக்காவிட்டால் எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்பார் கலியமூர்த்தி. ஒரு வருஷம் சேற்றில் மாட்டிய கார்களையெல்லாம் இழுத்துப்போட்ட டிராக்டருக்கே கேடயம் கொடுத்து, ஸ்டியரிங்கில் மாலை போட்டார்கள். நானும் கைதட்டினேன். எனக்குக் கொடுக்கவில்லையே என்று ஒருநாளும் நினைத்தது கிடையாது.

என் வேலை பாதையின் பாதுகாப்பு. எங்கே வளைவு, எங்கே பள்ளம், எங்கே மெதுவாக வரவேண்டும் என்று அம்புக்குறி போர்டு நடுவது நான். மூன்று வருஷமாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டுவந்தேன். காருக்குள் கூரையைத் தாங்குகிற மாதிரி இரும்புக் குழாயில் ஒரு கூண்டு அடிப்பார்கள். நாங்கள் கேஜ் என்போம். அது இருந்தால் வண்டி எத்தனை முறை உருண்டாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. கேஜ் இல்லாத வண்டியை ரேலிக்கு விடக்கூடாது என்று விதி போடச் சொன்னேன்.

"அண்ணே, எண்ணூறுக்கு எதுக்கு கூண்டு? உள்ள கிளி வளக்கப் போறமா?" என்றார் அன்புமணி.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல ஜோக்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் எழுந்தாலே யாராவது கிளி மாதிரி கத்துவார்கள். அதெல்லாம் அன்பில் செய்வது.

ஆனால் டிரைவிங் ஸ்கூலில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. ஒருமுறை இடித்தவன்தான் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுவான். சொல்லித் திருந்துகிறவர்கள் குறைவு. கிளப்புக்கும் ஒருமுறை இடிக்க வேண்டியிருந்தது. யார் என்பதுதான் கேள்வி. அதை நான் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை.

முதலில் அன்புமணியை யோசித்தேன். கோபத்தில் அல்ல. அவர் கண்மூடித்தனமாக ஓட்டுகிறவர், சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு ஏதாவது ஆனால், ஆட்டம் அதிகம், அதனால் விழுந்தார் என்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். விதி வராது. ஒரு உயிர் வீணாகியிருக்கும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

எல்லாருக்கும் பிடித்த ஒருவராக இருக்கவேண்டும். அப்படிப் பார்த்தால் கலைச்செல்வன்தான்.

கலை கம்மாபுரத்துப் பையன். மைன்ஸில் கனரக வண்டி மெக்கானிக். அவன் வந்தாலே ஷெட்டில் சத்தம் கூடிவிடும். பலாப்பழ சீசனில் கார் டிக்கி நிறையப் பழம் கொண்டுவந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தானே உரித்து எல்லாருக்கும் கொடுப்பான். புதிதாக வருகிறவனுக்குத் தன் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டுவான். கார் ஓட்டக் கற்றுக்கொண்டது என்னிடம்தான். முதல் நாளே கிளட்சை அழகாக விட்டான். சில பேருக்கு அது பிறவியிலேயே வரும். அவனும் மனைவி இசைப்பிரியாவும் மட்டும்தான் வீட்டில். குழந்தை இல்லை. அதையும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு வசதியும் இருந்தது. ரேலிக்கு முந்தின நாள் எல்லாரும் பாதையை மெதுவாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். கலைக்கு ஷிப்ட் இருக்கும், வரமாட்டான்.

"அண்ணே, நீங்க போர்டு வெச்சா கண்ண மூடிகினு ஓட்டலாங்க. நான் எதுக்கு வந்து பாக்கணும்?" என்பான்.

ஒருவர் நம் வேலையை இவ்வளவு மதிப்பது எத்தனை சந்தோஷம் தெரியுமா?

அவன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறவர் சத்யா. கணக்கு டீச்சர், கெட்டிக்காரி. அவர் முந்தின நாளே பாதையைப் பார்த்திருந்தார். வண்டியில் இருந்தால் போர்டு தப்பு என்று சொல்லியிருப்பார். அதைவிட முக்கியம், ஒரு பெண்ணுக்கு அடிபட்டால் இனிமேல் பெண்களே ரேலிக்கு வரக்கூடாது என்று கிளம்பிவிடுவார்கள். கிளப்புக்கு அது பெரிய பின்னடைவு. அதனால் காலையில் அவரிடம் போய், முடிவுக் கோட்டில் கொடி காட்ட ஆள் வரவில்லை, நீங்கள் நின்றால் உதவியாக இருக்கும் என்றேன். கலை தனியாக ஓட்ட நானே அனுமதி கொடுத்தேன். சத்யா இன்றைக்கு உயிரோடு இருக்கிறார் என்றால் அதற்குக் காரணம் நான். இதை யாரும் குறிப்பிடவில்லை.

தோப்பின் தெற்குக் கோடியில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் பந்தயப் பாதை. இடது பக்கம் பழைய செம்மண் வெட்டிய பள்ளம். முந்திரிக் கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் கிட்டே போகும்வரை பள்ளம் இருப்பதே தெரியாது. அந்தப் பிரிவில் காவல் நின்றவன் நான்தான். முன்னால் போன கார்களின் புழுதி அடங்கட்டும் என்று காத்திருந்தேன். கலையின் எஸ்டீம் வரும் சத்தம் கேட்டதும் போர்டை இடது பக்கம் திருப்பினேன்.

அவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். வளைவை அவ்வளவு சுத்தமாக எடுத்தான். பின்சக்கரம் கொஞ்சம்கூட நழுவவில்லை.

போர்டைத் திரும்ப வலது பக்கம் வைத்தேன். பின்னால் வருகிறவர்களுக்கு ஆபத்து இல்லையா. அடுத்த வண்டியை நிறுத்தச் சொல்லி ஃபோன் செய்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகு இறங்கி ஓடினேன். முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான்.

கார் தலைகீழாகக் கிடந்தது. கூரை சீட் வரைக்கும் அமுங்கியிருந்தது. நான் சொன்ன மாதிரியேதான். கலைக்கு நினைவு இருந்தது.

"அண்ணே, போர்டு எடதுனுதான பாத்தேன்?" என்றான். "நாந்தான் தப்பா பாத்துட்டனா?"

அவன் குழப்பத்தோடு போகக்கூடாது என்று தோன்றியது. "ஆமா கலை, தப்பாத்தான் பாத்துட்ட" என்றேன்.

"மன்னிச்சிக்கங்க அண்ணே. ஒங்க ரூட்டுக்கு கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

கடைசிவரைக்கும் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நல்ல பையன்.

பிறகு நடந்ததை நீங்களே விசாரித்துப் பார்க்கலாம். ஒரே மாதத்தில் எல்லாக் காரிலும் கேஜ் ஏறியது. வெல்டிங் பட்டறையில் கார்கள் வரிசையில் நின்றன. விருத்தாசலம் கிளப்பும் விழுப்புரம் கிளப்பும் எங்களைப் பார்த்து அதே விதியைப் போட்டார்கள். போன ரேலியில் கலியமூர்த்தியின் மருமகன் விஷ்ணு காரைக் குட்டிக்கரணம் போடவைத்தான். வண்டி நொறுங்கிவிட்டது. பையன் உள்ளேயிருந்து தவழ்ந்து வெளியே வந்து, ஒரு செருப்பைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அல்வா வாங்கிக்கொண்டு போனேன். இசைப்பிரியா வீட்டிலும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தேன். "அவரு எப்பவும் ஒங்களப் பத்திதாங்க பேசிகினு இருப்பாரு" என்று சொல்லி அந்தப் பெண் டீ போட்டுக் கொடுத்தது.

நேற்று ஆண்டு விழாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கேஜ் விதியைக் கொண்டுவந்ததற்காக இந்த வருஷக் கேடயம் கலைச்செல்வனுக்கு என்று அன்புமணி அறிவித்தார். இசைப்பிரியா அழுதுகொண்டே வாங்கிக்கொண்டது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். ஆனால் ஒரு தகவல் தப்பாகப் பதிவாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டேன். ஒரு சிறிய திருத்தம் என்று ஆரம்பித்து, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் அங்கேயும் சொன்னேன். இன்னும் சுருக்கமாகத்தான். சாப்பாட்டு நேரம் பாருங்கள்.

சத்யாதான் முதலில் எழுந்தார்.

"அண்ணா, அன்னிக்கு என்னை வண்டியிலேர்ந்து எறக்கிவிட்டது இதுக்குத்தானா?"

"ஆமாம்மா" என்றேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதிர்ச்சியாக இருந்திருக்கும். அன்புமணி என் சட்டையைப் பிடித்தார். கலியமூர்த்தி விலக்கிவிட்டார். நீங்கள் வந்து சேர்வதற்குள் பிரியாணி ஆறிப்போய்விட்டது. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

நீங்கள் கேட்கிற கேள்வி புரிகிறது மேடம். ரேலி நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே கமிட்டிக் கூட்டத்தில் கேஜ் விதிக்கு எல்லாரும் சம்மதித்துவிட்டார்களாமே என்கிறீர்கள். அன்புமணி சொல்லியிருப்பார். உண்மைதான். அடுத்த ரேலியிலிருந்து கட்டாயம் என்று முடிவு செய்தார்கள். கலைதான் எழுந்து பேசினான். நான் மூன்று வருஷமாகச் சொன்னதை, அதே வார்த்தைகளில், இடையில் ரெண்டு ஜோக் சேர்த்துச் சொன்னான். யாரும் கிளி மாதிரி கத்தவில்லை. டீ வருவதற்குள் எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். கலைக்குக் கைதட்டல் நிற்கவே இல்லை. அவன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, ஒங்க ஆச நெறவேறிடுச்சு!" என்று என் காதுக்குள் கத்தினான்.

ஆமாம், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். சனிக்கிழமை முழுவதும் யோசித்தேன். வாயால் சம்மதித்தவர்கள் நாளைக்கே மாறிவிடலாம் இல்லையா? ஜோக்குக்குக் கிடைத்த விதி அடுத்த ஜோக்கில் போய்விடும். அதை உறுதிப்படுத்த யாராவது ஒருவர் கஷ்டப்பட்டு ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். அவன் செய்தது பேச்சு. நான் செய்ததுதான் வேலை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைத் தனியாக ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம். கலைச்செல்வன் மேல் எனக்குப் பொறாமை எதுவும் கிடையாது.