ஐந்தாம் மாடிக்கு மேல்

எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. அதனால்தான் இந்த வேலையே கிடைத்தது. பதினெட்டு வருஷம் கலவை சுமந்து முட்டி தேய்ந்த பிறகு, கருவடிக்குப்பத்தில் நான் செங்கல் தூக்கி எழுப்பிய அதே ஒன்பது மாடிக் கட்டடத்துக்குக் காவலாளியாக வந்தேன். பெயர் அம்மாவாசை. நாற்பது வயதுக்கு மேல் மாலைப் பள்ளியில் எழுத்துக் கற்றவன். ஐயா, நீங்கள் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். நானே எழுதுகிறேன் என்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் பிரான்சில் இருக்கிறார்கள். வாடகை நின்றால் அங்கிருந்து ஏஜெண்டு அருள்முருகனுக்கு போன் வரும். அவர் என்னிடம் வருவார். "கதவத் தட்டாத, கத்தாத. போலீசு கீலீசுனு போயிடுவானுங்க. நீயே பாத்து செய்" என்பார். நானும் பார்த்துச் செய்வேன். மொட்டைமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனித் தண்ணீர் வால்வு உண்டு. பாக்கிக்காரர் வால்வை மட்டும் திருகிவைப்பேன். குழாயில் நூல்போல வரும். நானே போய்க் குழாயைத் தட்டிப் பார்த்து, அடைப்பு இருக்கிறது, ஆள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வருவேன். மூன்று நாளில் வாடகை வந்துவிடும். யார் மனமும் நோக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒன்பதாம் மாடி ஷஹாபுதீன் பாயிடம் இது எடுபடவில்லை. நெஞ்சில் ஆபரேஷன் ஆனதும் துணிக்கடையை மூடிவிட்டார். நான்கு மாதப் பாக்கி. அவர் மனைவி ரமீஜா கேன் தண்ணீர் வாங்கிச் சமாளித்தார், குறை சொல்லவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது.

ஐந்துக்கு மேல் குடியிருந்தது அந்த ஒரு குடும்பம்தான். மற்றவை பிரான்ஸ்காரர்களின் வீடுகள், டிசம்பரில்தான் திறக்கும். மெஷின் ரூமில் ஒரு சுவிட்சை இறக்கினால் லிஃப்ட் ஐந்தோடு நின்றுவிடும் என்று சர்வீஸ்காரர் காட்டியிருந்தார். இறக்கினேன். ஓர் அட்டையில் என் கையாலேயே எழுதி மாட்டினேன்: "ஐந்தாம் மாடிக்கு மேல் லிஃப்ட் பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." எல்லோரும் நின்று படித்தார்கள். நான் எழுதி நாலு பேர் படித்தது அதுதான் முதல் தடவை.

ரமீஜா ஐந்தாம் மாடியில் கேனோடு நிற்பதைப் பார்த்தால், வாங்கித் தோளில் வைத்து மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன். காசு வாங்க மாட்டேன்.

"இந்த பில்டிங்ல மனுசன்னா நீங்க ஒருத்தர்தாண்ணே" என்றார்.

பாய் கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "லிஃப்டுக்கு ஆள் எப்ப வர்றானாம்?"

"சாமான் சென்னைலேர்ந்து வரணும் பாய்."

"அதுக்காவது புதுச் சாமான் வருது. நான் இருக்கறத வெச்சுதான் ஓட்டணும்" என்று சிரித்தார்.

லிஃப்டை நிறுத்திய பதினோராம் நாள் காலை பாய்க்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்சுக்கு நான்தான் போன் செய்தேன். வந்த இரண்டு பேரையும் ஐந்து வரை லிஃப்டில் அழைத்துப்போனேன், மீதியை ஓடி ஏறினோம். ஸ்ட்ரெச்சர் படித்திருப்பத்தில் திரும்பவில்லை. அந்தத் திருப்பம் குறுகல் என்பது கட்டும்போதே எனக்குத் தெரியும்.

"லிஃப்ட்ட எப்டியாவது மேல கொண்டார முடியாதா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

மெஷின் ரூம் எங்கள் தலைக்கு மேலே, ஒரு படிக்கட்டுத் தூரம். சாவி என் இடுப்பில் இருந்தது. நான் யோசிக்காமல் இல்லை. சுவிட்சைப் போட்டால் லிஃப்ட் உடனே வந்து நிற்கும். அப்புறம் அந்த அட்டையை யார் நம்புவார்கள்? எழுதியவன் நான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பழுது" என்றேன்.

போர்வையில் கிடத்தித் தூக்கினோம். கால்பக்கம் நான் பிடித்தேன். படி இறங்கும்போது பாரமெல்லாம் கால்பக்கத்துக்குத்தான் வரும், எனக்குப் பழக்கம். ஏழாம் மாடித் திருப்பத்தில் பாரம் கூடியது. உயிர் போனால் கனக்கும் என்பார்கள், சரிதான். ஐந்து வரும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் வந்த ரமீஜா ஓதிக்கொண்டே இறங்கினார்.

புருஷன் போனால் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருக்கவேண்டும் என்பார்கள். வீட்டைக் காலி செய்ய அருள்முருகன் பத்து நாள் கொடுத்தார். பாக்கியை அட்வான்சில் கழித்துக்கொண்டார். அட்வான்சிலேயே அடங்கிவிட்டது, கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது.

பீரோவைப் படியில் இறக்கினால் சுவர் கீறும் என்றார் அவர். நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன். லிஃப்ட் ஒன்பதுக்கு வந்து கதவைத் திறந்தது. ரமீஜா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆள் எப்பண்ணே வந்தான்?"

"ஆள் வரலம்மா. நான்தான் சுவிட்சப் போட்டேன்" என்றேன். அந்த நேரத்தில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பீரோ லிஃப்டில் இறங்கியது. ரமீஜா மட்டும் ஒன்பது மாடியையும் படியிலேயே இறங்கி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஐயா. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது.