நாங்கள் கேட்காத நேரத்தில் பார்த்தது

வாக்குமூலம் அளிப்பவர்: வசந்தி, வயது 38, க/பெ. லட்சுமணன், கீழ்நெல்லிக்கொல்லை, ஜமுனாமரத்தூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம். தொழில்: விவசாயம்.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். சொந்தக் கொல்லையில் சாமை போடுகிறோம், புளியமரங்கள் இருக்கின்றன. எங்களுக்கு ஒரே மகள், பெயர் பிரியதர்ஷினி, வயது 16. ஜமுனாமரத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்வன் என்பவர், நான் அவரைச் செருப்பால் அடித்ததாகவும் அவருடைய போனைப் பறித்துக்கொண்டு போனதாகவும் புகார் கொடுத்திருப்பதாகத் தெரிந்து, நானே இன்று காலை இந்த நிலையத்தில் ஆஜராகி இதைச் சொல்கிறேன். அடித்தது உண்மை. புகாரில் ஒரு அடி என்று இருக்கிறது, இரண்டு அடித்தேன். போனைப் பறித்ததும் உண்மை. எதற்காக என்பதை அவர் புகாரில் சொல்லாமல் விட்டுவிட்டார். இதை எழுதும் ஏட்டு, "கோவத்த வுட்டுட்டு நடந்தத மட்டும் சொல்லும்மா" என்றார். கோபத்தை விட்டால் நடந்ததில் பாதிதான் மிஞ்சும் என்று சொன்னேன்.

கடந்த ஆடி மாதம் என் மகளுக்கு அடிவாரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்து, கலசப்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் சேர்த்தோம். பாடமெல்லாம் போனில்தான் அனுப்புவார்கள் என்று சொன்னதால் டச் போன் வாங்க மேற்படி வெற்றிச்செல்வன் கடைக்குப் போனோம். என் கணவர், பெண் வெளியூரில் தனியாக இருக்கப் போகிறாள், கண்டதைப் பார்த்துக் கெட்டுப்போகாமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். அதற்கு வெற்றிச்செல்வன், பெற்றோர் கண்காணிப்புச் செயலி ஒன்று இருக்கிறது, பிள்ளை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும், எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று சொல்லும், வேண்டாத நேரத்தில் போனைப் பூட்டி வைக்கலாம் என்று சொல்லி, அவரே எல்லாம் போட்டுக் கொடுத்தார். "இனிமே பொண்ணு உங்க கைக்குள்ளதான்கா" என்றார். நான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டு, அடுத்த சந்தைக்கு வரும்போது ஒரு பை புளி கொண்டுவந்து கொடுத்தேன். அந்தப் புளியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் இருவரிடமும் இருப்பது பட்டன் போன். அதில் எந்த வரைபடமும் வராது. அதைப் பற்றி நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. வாரச்சந்தைக்குப் போகும்போது கடையில் நின்று கேட்போம், அவர் பார்த்துவிட்டு, "ஆஸ்டல்லதான் கீது" என்பார். மலையில் எங்களுக்கு எல்லாமே அப்படித்தான். சாதிச் சான்று எந்த மேசையில் நிற்கிறது, ரேஷன் அட்டையில் பெயர் ஏறியதா, பட்டா வந்ததா, எதுவானாலும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் போய் நிற்போம், அவர் பார்த்துச் சொல்வார். மகள் எங்கே என்பதும் அந்த மாதிரி ஒரு கவுண்டர் வேலை என்றே நினைத்துக்கொண்டோம். அந்தச் செயலியில் பெற்றோர் என்ற இடத்தில் தன் பெயரையும் தன் போனையும் அவர் போட்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. பெற்றவள் நான், பெற்றோர் அவர்.

அதன் பின் தை மாதம் வரை ஒன்றும் இல்லாமல் போனது. போன வாரச் சந்தையன்று நான் காட்டில் புளி உலுக்கப் போயிருந்ததால் என் கணவர் மட்டும் போனார். அவர் கேட்பதற்கு முன்பாகவே வெற்றிச்செல்வன் அவரைக் கடைக்குள் கூப்பிட்டு, "உம் பொண்ணு ஞாயித்துக்கெழம ராத்திரி பூரா கணியம்பாடி பக்கம் காட்டோரமா இருந்துச்சிண்ணா, விடிஞ்சப்புறந்தான் ஆஸ்டலுக்கு வந்துச்சி" என்று சொல்லி, வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டியிருக்கிறார். கடையில் அப்போது எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ரீசார்ஜ் செய்ய நின்றிருக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? என் கணவர் பஸ் ஏறி வீடு வருவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் வந்து நின்றது.

அதன் பின் என் கணவரின் அண்ணன் மாதையன் வீட்டுக்கு வந்து, படிப்பை நிறுத்திப் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார். அவருடைய மச்சானுக்குக் கட்டிவைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றும், வரும் பங்குனியிலேயே முடித்துவிடலாம் என்றும் சொன்னார். அந்த மச்சானுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். என் மகளுக்குப் பதினாறு என்று நான் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. என் கணவர் மறுநாளே போய் மகளைக் கூட்டிவந்தார். அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவருடன் பேசவில்லை.

நான் அவளிடம் தனியாக விசாரித்தேன். விடுதியில் உடன் தங்கியிருக்கும் வாணியம்பாடிப் பெண் ஃபிஜாவின் அக்காவுக்குக் கணியம்பாடியில் நிச்சயதார்த்தம் என்றும், விடுதிக் காப்பாளர் மாணிக்கம்மாளிடம் சொல்லிவிட்டு இருவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலையே திரும்பிவிட்டதாகவும், வழியில் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டதாகவும், காலையில்தான் சார்ஜ் போட்டதாகவும் சொன்னாள். நான் மாணிக்கம்மாளுக்குப் போன் செய்தேன். "ராத்திரி எங்கூட உக்காந்துதான் சாப்டுச்சி, யார்மா உங்களுக்கு இன்னா சொன்னது?" என்று என்னையே திட்டினார். அதை நான் மாதையனிடம் சொன்னதற்கு, "ஆஸ்டல்காரி பொய் சொல்வா, மிஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

நேற்று மாலை ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் டவர் கிடைப்பது பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் மட்டும்தான். மிஷினை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்பதால் கூட்டத்தையும் அங்கேயே வைத்தார்கள். வெற்றிச்செல்வன் அதற்கென்றே வண்டியில் வந்து இறங்கினார். என் மகளை நடுவில் நிற்க வைத்தார்கள். ஆம்பிளைகள் ஒவ்வொருவராக அந்தப் போனை வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டி அடுத்தவரிடம் கொடுத்தார்கள். அவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றி எழுந்து கேட்டேன். "தம்பி, நாங்க சந்தைக்கு வந்து கேட்டா நீ பாத்துச் சொல்லுவ. ஞாயித்துக்கெழம ராத்திரி உன்ன யார் கேட்டா? நாங்க கேக்காதப்ப நீ எதுக்குப் பாத்த?" என்றேன். அவர், "ஒரு அக்கறதாங்கா" என்றார். "ராத்திரி பூரா கண் முழிச்சி எம் பொண்ணப் பாக்குற அக்கற உனக்கு யார் குடுத்தா?" என்று கேட்டேன். மாதையன், "பொம்பள நடுவுல பேசாத" என்றார். "நான் பெத்தவ மாமா, நான்தான் பேசணும்" என்றேன்.

அப்போதுதான் என் மகள் வாய் திறந்தாள். வெற்றிச்செல்வன் மாலையானால் அவள் போனைப் பூட்டிவிடுவார் என்றும், பாடம் பார்க்க வேண்டும் என்றால் ஃபிஜாவின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும் என்றும், "சிரிச்சிப் பேசு, தொறக்கறேன்" என்று சொல்வார் என்றும், இந்தத் தை மாதம் முதல் தான் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டு ஃபிஜாவின் போனிலேயே பாடம் பார்த்து வந்ததாகவும், அதற்குப் பிறகுதான் இந்தக் கணியம்பாடிக் கதை வந்தது என்றும் சொன்னாள். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று அவள் அப்பா கேட்டார். "நீங்கதான் பூட்டச் சொன்னதுன்னு சொன்னான்பா" என்றாள்.

அதன் பின் நான் அந்தப் போனைப் பிடுங்கினேன். திரையில் என் மகள் படம் இருந்தது. அதற்குக் கீழே வரிசையாக வேறு பெண் பிள்ளைகளின் படங்களும் இருந்தன. அதில் எங்கள் ஊர்க் குப்பம்மாவின் மகளை எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்தக் கடையில் பையன்களுக்கும்தான் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பையன் முகம் அதில் இல்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அந்த வேலிக்கு நாங்களே புளி கொடுத்திருக்கிறோம். அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன். அவர் போனைத் திருப்பிக் கேட்டார், கொடுக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் இருக்கும் போனை அவர் கையில் திருப்பிக் கொடுக்க எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. கூட்டம் அதோடு கலைந்தது, ஆனால் மாதையன் போகும்போது, "செருப்பத் தூக்கிட்டா ஆச்சா? பொண்ணு பொண்ணுதான், பங்குனி பங்குனிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அண்ணனைத் தடுக்காமல் நின்றார். அவர் அப்படி நின்றதற்கும் ஒரு அடி பாக்கி இருக்கிறது.

இன்று காலை நான் வெற்றிச்செல்வனின் போனையும், என் மகளின் போனையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்து இரண்டையும் மேசையில் வைத்தேன். உதவி ஆய்வாளர் அம்மா பார்த்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிக்குக் கீழே "கடைசியாகத் தெரிந்த இடம்" என்று சின்னதாக எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி, போன் அணைந்துவிட்டால் புள்ளி அணைந்த இடத்திலேயே நின்றுவிடும் என்றார். ஆள் எங்கே என்று அதற்குத் தெரியாது, போன் எங்கே என்றுதான் தெரியும் என்றும் சொன்னார். போன் விற்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? என் மகளின் போனிலிருந்து அந்தச் செயலியை எடுத்துவிடச் சொன்னேன். பெற்றோரின் கடவுச்சொல் இல்லாமல் எடுக்க முடியாதாம். பெற்றோர் யார் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது வெற்றிச்செல்வன் நிலையத்துக்குள் வேகமாக வந்தார். என் மகள் இங்கே வந்திருப்பதாக அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "பொண்ணையும் இங்க கூட்டினு வந்துட்டாங்கல்ல மேடம்? எங்க உக்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். உதவி ஆய்வாளர் அம்மா, "பொண்ணு இங்க இருக்குன்னு உனக்கு யாருப்பா சொன்னா?" என்றார். அவர் கை சட்டைப்பையை மூடியது. அதில் வேறு ஒரு போன் இருந்தது. அதை வாங்கிப் பார்த்ததில், அதே கணக்கைத் திறந்து வைத்து, இந்தக் காவல் நிலையத்தின் மேல் என் மகளின் படம் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. புகார் கொடுத்த பிறகும், நேற்று அத்தனை பேர் முன்னால் அடி வாங்கிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை அப்படியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், எழுதப்பட்டது.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்றும், அவருடைய இரண்டு போன்களையும் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றும், என் மகளுக்குப் பதினெட்டு வயது ஆகுமுன் கல்யாணம் பேசிய மாதையனையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மாதையனும் என் கணவரும் இப்போது வெளியே நிற்கிறார்கள். வீட்டில் பெண்ணைக் காணவில்லை, எங்கே அனுப்பினாய் என்று என்னைக் கேட்க வந்திருக்கிறார்கள்.

என் மகளுக்கு நாளை தேர்வு இருக்கிறது. இன்று விடிவதற்கு முன் நான்தான் அவளை அனுப்பி வைத்தேன். போன் இல்லாமல் போனாள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருக்கும் இடத்தை உதவி ஆய்வாளர் அம்மாவின் காதில் மட்டும் சொன்னேன். அவர் அங்கே பேசி, அவள் குரலைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். இந்த வாக்குமூலத்தின் நகல் எதிர்த்தரப்புக்கும் போகும் என்று ஏட்டு சொன்னதால், அந்த இடத்தின் பெயரை இதில் எழுத வேண்டாம் என்று சொன்னேன். எழுதவில்லை.

மேலே உள்ளதை ஏட்டு எனக்குப் படித்துக் காட்டினார், நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொன்னதல்ல, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்)
ல. வசந்தி
பிரியதர்ஷினியின் தாய்