சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு விரல்

என் பெயர் ஜெயகிருஷ்ணன். வயது 43. தகப்பனார் பெயர் சாம்பு, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மைசூர் விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். கன்னடம் தெரிந்தாலும் தமிழில் சொல்வது வசதி என்பதால், தமிழ் தெரிந்த ஏட்டு எழுதிக்கொள்ள, 1997 ஏப்ரல் 30ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு இதைச் சொல்கிறேன்.

ஊருக்குத் தெற்கே உள்ள விமானத் தளத்தை விரிவாக்கும் திட்டத்தில் முதலில் ஒரு மாதிரிக் கட்டடம் கட்டினோம். ஏசி கிடையாது, சுடாத மண்கல் சுவர், கூரையில் விழும் மழையைப் பிடிக்க நாற்பதாயிரம் லிட்டர் தொட்டி. நான் அங்கே சைட் சூப்பர்வைசர். அக்டோபரில் பிடித்த தண்ணீர் கோடையிலும் நிற்கிறது என்று காட்டினால்தான் முழு விமான நிலையத்தையும் இதே முறையில் கட்ட திட்டக் கமிட்டி அனுமதி தரும். தொட்டியின் பக்கத்தில் தண்ணீர் மட்டம் காட்ட ஒரு கண்ணாடிக் குழாயும் அதில் சிவப்புக் கோடும் உண்டு. ஆர்க்கிடெக்ட் திருநாராயணன் என்னிடம், "ஜெயகிருஷ்ணா, கமிட்டி வரச்சே தண்ணி அந்தக் கோட்டுக்குக் கீழே போகப்படாது" என்றார்.

மார்ச்சில் போர்வெல் வற்றியது. கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து ஷெட்டில் தங்கி வேலை செய்த பதினான்கு குடும்பங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் வந்தது. வீட்டுக்கு மூன்று குடம். போதவில்லை என்று பூவாத்தாள் என்பவள் வந்து, "கைக்கொழந்த இருக்குதுங்க சார், ரெண்டே கொடம் புடிச்சுக்கறனுங்க" என்றாள். இவளுக்குக் கொடுத்தால் ஷெட்டே வந்து நிற்கும் என்று மறுத்தேன். அதன் பிறகு இரண்டு தடவை தொட்டிக் குழாயின் பூட்டு உடைந்தது. கோட்டுக்கு மேலே ஒரு விரல் தண்ணீர்தான் மிச்சம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அதன் பிறகு ஏப்ரல் 9ஆம் தேதி, கரையான் மருந்து டப்பாவின் மண்டையோட்டு லேபிளைப் பிய்த்து ஒரு புது டப்பாவில் ஒட்டி, வெறும் தண்ணீரை அதில் நிரப்பி, எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தொட்டியில் ஊற்றினேன். "ஒரு வாய் குடிச்சா ஆள் காலி" என்று தமிழிலும் கன்னடத்திலும் சொன்னேன். பெண்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து பூட்டுகூடத் தேவைப்படவில்லை.

அரை மைல் தள்ளியிருந்த பழைய கல்குழிக்கு அவர்கள் தண்ணீருக்குப் போவது எனக்குத் தெரியும். 19ஆம் தேதி மத்தியானம் பூவாத்தாள் குடத்தோடு சறுக்கி அதில் விழுந்தாள். தூக்கி வந்து தொட்டி நிழலில்தான் கிடத்தினார்கள். உயிர் இல்லை. குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் அவள் புருஷன் மாணிக்கவாசகம் அதே குழிக்குப் போய் இரண்டு குடம் கொண்டுவந்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கமிட்டி வர இரண்டே நாள் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

21ஆம் தேதி கமிட்டி வந்தது. தண்ணீர் கோட்டுக்கு மேலே ஒரு விரல் நின்றது. திருநாராயணன் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து எல்லோர் முன்னாலும் வாயருகே கொண்டுபோனார். குழந்தையோடு சிமெண்ட் மூட்டைகள் பக்கம் நின்றிருந்த மாணிக்கவாசகம், "ஐயோ, வெசமுங்க சாமி, குடிக்காதீங்க" என்று ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டான். திருநாராயணன், "யார்றா சொன்னா வெஷம்னு? ஜெயகிருஷ்ணன் தெனம் இதைத்தானே குடிக்கறான்" என்று சொல்லி, வேறு டம்ளரில் பிடித்துக் குடித்துக் காட்டினார். கமிட்டியார் கை தட்டினார்கள். மாணிக்கவாசகம் என்னைப் பார்த்தான். நான் விருந்தாளிகளுக்கு நாற்காலி எடுத்துப் போடப் போய்விட்டேன். அதன் பிறகு அவன் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து என்மேல் புகார் கொடுத்ததாக அறிகிறேன்.

தொட்டியில் நான் எதையும் கலக்கவில்லை. தாங்கள் அந்தப் பாட்டிலை அனுப்பிச் செய்த சோதனையிலும் குடிக்க உகந்த தண்ணீர் என்றே வந்திருக்கிறது. அந்த அறிக்கையைக் கமிட்டி கேட்டிருப்பதால், நகல் ஒன்று தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டு இதைப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

(ஒப்பம்) சா. ஜெயகிருஷ்ணன்